யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்?

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

இஸ்ரவேலின் மூப்பர்கள் ஒருநாள் ராமா என்னும் ஊருக்குத் திரண்டு போகிறார்கள். அங்கே மக்களுக்கு நியாயம் தீர்த்துவந்த தீர்க்கதரிசி சாமுவேல் இருக்கிறார். வயதாகிவிட்டது. "மற்ற ஜனங்களுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும்" என்று கேட்கிறார்கள். சாமுவேல் மனம் நோகிறார். கர்த்தர் அவரிடம் சொல்கிறார்: அவர்கள் தள்ளியது உன்னையல்ல, என்னை. முதலாம் சாமுவேல் எட்டாம் அதிகாரம் இது.

சிறுவயது முதல் இந்தப் பகுதியைப் பிரசங்கங்களில் கேட்டு வருகிறேன். மூப்பர்கள் விசுவாசம் குன்றியவர்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை அதே அதிகாரம் முதல் மூன்று வசனங்களில் சொல்லிவிடுகிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அதுவரை அந்த மக்களுக்கு அரண்மனை இல்லை, தலைநகரம் இல்லை, சம்பளம் வாங்கும் சேனையும் இல்லை. ஊர் வாசலில் மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பார்கள். ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தடியில் தெபொராள் என்னும் தீர்க்கதரிசி இருப்பாள். வழக்குள்ளவர்கள் அவளிடம் போவார்கள். பகைவர் வந்தால் ஒருவர் எழும்புவார், ஆள் சேர்ப்பார், போர் முடிந்ததும் வந்தவர்கள் அவரவர் வயலுக்குத் திரும்புவார்கள். தெற்கே எகிப்தில் ராஜாவான பார்வோன் தெய்வமாகக் கருதப்பட்ட காலத்தில் இப்படி ஒரு வாழ்வு! கிதியோனைப் பாருங்கள். மீதியானியரை முறியடித்து வந்தவனிடம், நீயும் உன் மகனும் உன் பேரனும் எங்களை ஆளுங்கள் என்று கேட்கிறார்கள். மறுத்துவிட்டான். கர்த்தரே உங்களை ஆளுவார் என்றான். ஆனால் அதே மூச்சில், கொள்ளையில் கிடைத்த பொன் கடுக்கன்களைக் கேட்டு வாங்கினான். 1700 சேக்கல் எடை. அவனுக்கு ஒரு மகன் பிறந்தான், பெயர் அபிமெலேக்கு. அந்தப் பெயருக்கு 'என் தகப்பன் ராஜா' என்று பொருள். வாயால் மறுத்த பட்டம் பிள்ளையின் பெயரில் நுழைந்துவிட்டது. அந்தப் பிள்ளை தன் சகோதரர்களை ஒரே கல்லின்மேல் வெட்டிக் கொன்றுவிட்டு, சீகேமில் ராஜாவானான்.

ராஜா இல்லாத காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி அதிகாரங்களை வாசிக்கவே மனம் நடுங்கும். கிபியாவில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையால் ஒரு கோத்திரமே அழிவின் விளிம்புக்குப் போயிற்று. அவனவன் தன் பார்வைக்குச் சரியென்று பட்டதைச் செய்தான் என்றுதான் அந்தப் புத்தகம் முடிகிறது.

ராமாவுக்குத் திரும்புவோம். மூப்பர்களுக்குச் சாமுவேல் எச்சரிக்கை கொடுக்கிறார். ராஜா உங்கள் மகன்களை எடுத்துத் தன் ரதங்களுக்கு முன் ஓடவைப்பான். மகள்களை எடுத்துச் சமையலுக்கு வைப்பான். நல்ல வயலையும் ஒலிவத்தோப்பையும் எடுப்பான், வேலைக்காரரையும் கழுதைகளையும் எடுப்பான். எபிரெயத்தில் இந்த நான்கு இடங்களிலும் ஒரே வினைச்சொல்: லாக்காஹ், எடுத்தல். தமிழ் வேதாகமத்தை மட்டும் வாசித்த நாட்களில் நான் கவனிக்காத ஒன்று, எபிரெயம் படித்தபோது என்னைத் திடுக்கிட வைத்தது. அந்த அதிகாரத்தில் இந்தச் சொல் முதலில் வருவது ராஜாவைப் பற்றி அல்ல. மூன்றாம் வசனத்தில், பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்த சாமுவேலின் மகன்கள் யோவேலும் அபியாவும் பரிதானம், அதாவது லஞ்சம், 'எடுத்தார்கள்'. தமிழில் 'வாங்கி' என்று இருப்பதால் தொடர்பு கண்ணில் படுவதில்லை.

ஆக, கடவுளின் ஆட்சி என்ற பெயரில் நடந்த வழக்கு மன்றத்திலேயே எடுக்கும் கை நீண்டுவிட்டது. அதைக் கண்டு வெந்துபோன மக்கள் இன்னும் பெரிய கையைக் கேட்டார்கள். அதுதான் இந்தக் கதையின் துயரம். பின்னாளில் ராஜாவான சாலொமோன் காலத்தில் லீபனோனுக்கு 30,000 பேர் கட்டாய வேலைக்கு, மாதம் 10,000 பேராகப் போனார்கள். அவன் மகன் ரெகொபெயாமிடம் நுகத்தை இலகுவாக்கும்படி மக்கள் கெஞ்சிய இடம் எது தெரியுமா? அபிமெலேக்கு ராஜாவான அதே சீகேம். அங்கேதான் ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது.

முடிக்குமுன் ஒரு காட்சி. மக்கள் கேட்டபடியே சவுல் முதல் ராஜாவாகிவிட்டான். கோதுமை அறுப்பின் காலம். சாமுவேல் ஜனத்தின் முன் நின்று கேட்கிறார்: யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்? யார் கையிலாவது பரிதானம் வாங்கினேனா? மீண்டும் அதே லாக்காஹ். யாரிடமும் ஒன்றும் எடுக்கவில்லை என்று ஜனம் பதில் சொல்கிறது. அவ்வளவு தூய்மையான மனிதர். ஆனால் அந்தக் கேள்விகளுக்குச் சற்று முன்பு, தான் கிழவனாகி நரைத்துப்போனதைச் சொல்லும்போது, தம் மகன்களைப் பற்றி ஒரு சிறு வாக்கியம் சொல்கிறார். இதோ, என் குமாரர் உங்களோடு இருக்கிறார்கள் என்கிறார். அவர்கள் கைகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஜனமும் ஒன்றும் சொல்லவில்லை.

வணக்கம்.