சூப்பர் பவுல் நான்கு, கோப்பை பூஜ்யம்: பஃபலோ பில்ஸை நான் ஏன் கொண்டாடுகிறேன்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் பிளேஆஃப், அதாவது நாக்அவுட் சுற்று, வரலாறு என்றாலே ஸ்டீலர்ஸ், பேட்ரியட்ஸ், கவ்பாய்ஸ் என்று கோப்பைகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதிப் போட்டி, கூட ஜெயிக்காத பஃபலோ பில்ஸ் அணியைப் பற்றி.

1990 சீசனிலிருந்து 1993 சீசன் வரை தொடர்ந்து நான்கு முறை சூப்பர் பவுலுக்குப் போனார்கள். நான்கிலும் தோல்வி. கேலி பேசுகிறவர்கள் அந்தத் தோல்வியை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் தொடர்ந்து நான்கு சூப்பர் பவுல் ஆடிய அணி வேறு எதுவுமே இல்லை! டாம் பிரேடியின் பேட்ரியட்ஸும் சரி, மஹோம்ஸின் சீஃப்ஸும் சரி, தொடர்ச்சியாக மூன்றைத் தாண்டவில்லை. இங்கே பிளேஆஃப் என்றால் ஒரே ஆட்டம்தான், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நான்கு வருடத்தில் சூப்பர் பவுலுக்கு முந்தைய பிளேஆஃப் ஆட்டங்கள் ஒன்பது. ஒன்பதிலும் பில்ஸ் ஜெயித்தார்கள்.

அந்த நான்கில் முதல் சூப்பர் பவுல், 1991 ஜனவரி 27, டாம்பா. எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ். அதற்கு முந்தைய வாரம்தான் ரெய்டர்ஸை 51-3 என்று நொறுக்கியிருந்தார்கள். ஜயன்ட்ஸ் என்ன செய்தார்கள் தெரியுமா? 60 நிமிடத்தில் 40 நிமிடத்துக்கும் மேல் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். பில்ஸின் குவார்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஜிம் கெல்லியின் வேகமான ஆட்டம் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி விநாடிகளில் பில்ஸின் ஸ்காட் நார்வுட் 47 யார்டு தூரத்திலிருந்து உதைத்த ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே போனால் 3 புள்ளி) வலது பக்கம் விலகிப் போனது. 20-19. தோல்வியை அந்த ஒரு உதையின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. மறுநாள் பஃபலோவில் கூடிய கூட்டம் நார்வுட்டை மேடைக்கு வரச் சொல்லிக் குரல் கொடுத்தது. அந்த ஊரை எனக்குப் பிடிக்க அதுவே போதும்.

அடுத்த வருடம் வாஷிங்டனிடம் 37-24. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, வாஷிங்டன் அன்றைக்கு மேலான அணி.

மூன்றாவது வருடத்துக்கு வருவோம். 1993 ஜனவரி 3, ஹூஸ்டன் ஆய்லர்ஸுக்கு எதிரான ஆட்டம். கெல்லி காயத்தால் ஆடவில்லை, மாற்று குவார்டர்பேக் ஃபிராங்க் ரைக் இறங்கினார். பாதி நேரத்தில் ஹூஸ்டன் 28-3 முன்னிலை. மூன்றாம் கால்பகுதி தொடங்கியதும் ரைக் வீசிய பந்து எதிரணி கைக்குப் போய் 35-3. டிக்கெட் முழுக்க விற்காததால் பஃபலோ பகுதியில் டிவி ஒளிபரப்புகூட இல்லை. அங்கிருந்து பில்ஸுக்கு ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, 6 புள்ளி), உடனே ஆன்சைடு கிக் (பந்தைத் தாங்களே மீட்பதற்காகக் குறைந்த தூரம் உதைப்பது). அதை உதைத்த ஸ்டீவ் கிறிஸ்டியே பந்தை மீட்டார்! டான் பீபி ஒன்று, ஆண்ட்ரே ரீட் மூன்று என்று டச்டவுன்கள் வந்துகொண்டே இருந்தன. ஓவர்டைமில் நேட் ஓடம்ஸ் பந்தைப் பறிக்க, கிறிஸ்டியின் 32 யார்டு உதை. 41-38. 32 புள்ளி பின்தங்கி எழுந்த அந்த வெற்றி இன்றும் பிளேஆஃப் சாதனைதான்.

அந்த வருட சூப்பர் பவுலில் டல்லாஸ் கவ்பாய்ஸிடம் 52-17, பில்ஸ் ஒன்பது முறை பந்தை இழந்தார்கள். ஆட்டம் எப்போதோ கைவிட்டுப்போன நேரம். டல்லாஸின் லியான் லெட் பந்தை எடுத்துக்கொண்டு டச்டவுன் கோட்டுப் பக்கம் ஓடுகிறார். பீபி விடாமல் துரத்திப் போய், கோட்டுக்குச் சற்று முன்னால் பந்தைத் தட்டிவிட்டார். ஸ்கோர் பலகையைப் பார்க்கிற ஆள் செய்கிற வேலையா அது!

நான்காவது முறையும் டல்லாஸ். பாதி நேரத்தில் பில்ஸ் 13-6 முன்னிலை. மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்திலேயே பில்ஸின் தர்மன் தாமஸ் கையிலிருந்து பந்து நழுவ, டல்லாஸ் வீரர் ஜேம்ஸ் வாஷிங்டன் 46 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அதற்குப் பிறகு பில்ஸுக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. 30-13.

பயிற்சியாளர் மார்வ் லீவி, கெல்லி, தாமஸ், ரீட், புரூஸ் ஸ்மித் எல்லோரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் (சிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியல்) இருக்கிறார்கள். அப்புறம் 2000 ஜனவரியில் டென்னஸியில் பில்ஸை பிளேஆஃபிலிருந்து வெளியேற்றிய அந்தக் கிக்ஆஃப், அதைத் தொடர்ந்து 17 சீசன் பிளேஆஃபே இல்லாத வறட்சி. அது தனிக் கதை, அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.