மாத்திரை இப்போது எங்கே இருக்கிறது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

விழுங்கும் சென்சார் என்றதும் கேமரா மாத்திரைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது படமே எடுக்காத வகையைப் பற்றி. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண், அழுத்தம், வெப்பநிலை ஆகிய மூன்றையும் அளந்து, இடுப்பில் கட்டிய பதிவுக் கருவிக்கு ரேடியோ அலையில் அனுப்பும் மாத்திரை அது. இந்த யோசனை புதிதல்ல. மெக்கே, ஜேக்கப்சன் என்ற இருவர் 1957-லேயே இதன் முன்னோடியைச் செய்துகாட்டினார்கள்.

அளப்பதில் பெரிய சிரமம் இல்லை. வந்த அளவு குடலின் எந்தப் பகுதியுடையது என்று சொல்வதில்தான் சிரமம். அதை பி.எச். கோடு காட்டிக்கொடுத்துவிடும். பி.எச். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். வெறும் வயிற்றில் அது 1-க்கும் 3-க்கும் இடையே கிடக்கும். மாத்திரை முன்சிறுகுடலுக்குள் நுழைந்ததும் கணையநீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கும். கோடு சட்டென்று 6-ஐ ஒட்டி ஏறும். பிறகு மெல்ல உயர்ந்து, சிறுகுடலின் கடைசியில் 7.5 அளவைத் தொடும். பெருங்குடலின் வாயிலில் மறுபடி ஓர் அலகு போல இறங்கும். அங்கே பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்து அமிலம் உண்டாக்குகின்றன அல்லவா, அதனால்தான். உடலைவிட்டு வெளியேறும்போது வெப்பநிலை 37 டிகிரியிலிருந்து விழும்.

முதல் ஏற்றம் தெளிவாக விழவேண்டுமானால் இரைப்பையில் அமிலம் இருக்கவேண்டும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்து சாப்பிடுபவருக்கு அந்தப் படியே மங்கிவிடும். அதனால் மருத்துவரைக் கேட்டு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்கிறோம்.

அடுத்தது உணவு. இரவு முழுக்கப் பட்டினி, காலையில் அளவான சிற்றுணவு, மாத்திரை, அதன்பின் 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள, கரையாத பொருளை இரைப்பை அரைத்து அனுப்ப முடியாது. உணவு காலியானபின் எழும் வலுவான சுருக்க அலைதான் அதை வெளியே தள்ளும். இடையில் இரண்டு பிஸ்கட் தின்றாலும் அந்த அலை தள்ளிப்போகும். மாத்திரை 5 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் இரைப்பை மந்தம் என்று கணிக்கிறோம். ஆகவே பிஸ்கட்டின் தாமதம் நோயாகப் பதிவாகிவிடும். இந்தப் பரிசோதனையில் நான் மிகவும் அஞ்சுவது இந்தப் பிழைக்குத்தான்.

குடல் ஓரிடத்தில் குறுகிப்போனவருக்கு, குறிப்பாகக் குடல் அழற்சி நோயான கிரோன் நோய் உள்ளவருக்கு, மாத்திரை சிக்கிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால், தானே கரையும் சோதனை மாத்திரையை முதலில் கொடுத்துப் பாருங்கள். குளிக்கப் போனவர் பதிவுக் கருவியைத் தூரத்தில் கழற்றி வைத்திருந்தால் கடைசி வெப்பச் சரிவு பதிவாகாது. அப்படியானால் வயிற்றை எக்ஸ்-ரே எடுத்து, மாத்திரை உள்ளே இல்லை என்று தெரியும்வரை அவரை வலுவான காந்தம் உள்ள எம்.ஆர்.ஐ. அறைக்குள் அனுப்பாதீர்கள்.