ஒரு மணிக்குள் கொங்கோர்டியா

நேயர்களுக்கு வணக்கம்.

சுவிஸில் இருக்கிற உங்களில் பலர் யுங்ஃப்ராவ்யோகுக்குப் போயிருப்பீர்கள். ஊரிலிருந்து அம்மா, அப்பா விசாவில் வந்தால் நாங்கள் கூட்டிக்கொண்டு போகிற இடங்களில் அதுவும் ஒன்றுதானே. 1912இல் திறந்த ரயில் நிலையம், 3454 மீட்டர் உயரம். பனியில் நின்று ஒரு படம், ஒரு சூப், திரும்பி ரயில். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு தெற்கே பார்த்தால் கீழே இறங்கிப் போவதுதான் அலெட்ச் பனியாறு. நீளம் சுமார் 20 கிலோமீட்டர். ஆல்ப்ஸில் இதைவிடப் பெரிய பனியாறு கிடையாது.

அந்தப் பனியாற்றின் மேல் நடந்து, மறுபக்கம் வாலிஸ் மாநிலத்தில் ஃபீஷர்ஆல்ப்பில் ஏறி, கேபிள் காரில் இறங்கி, அன்றிரவே பேர்ணில் வீட்டுச் சோறு சாப்பிட வேண்டும் என்று எனக்கும் நண்பர் ஒருவருக்கும் ஆசை வந்தது. ஒரே நாளில்.

இங்கே நடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மணித்தியாலத்துக்கு 4 கிலோமீட்டர். இறக்கம் என்றால் மணித்தியாலத்துக்கு 500 மீட்டர். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். தூரம் சுமார் 20 கிலோமீட்டர், அதற்கு ஐந்து மணித்தியாலம். இறக்கம் 1240 மீட்டர், அதற்கு இரண்டரை. கூட்டினால் ஆறேகால் மணித்தியாலம். சமையலறை மேசையில் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதி முடித்தேன். பின்னேரம் ஐந்து மணிக்குக் கேபிள் கார், மிச்ச நேரத்தில் ஒரு கோப்பி.

எங்களைக் கூட்டிப்போக ஒத்துக்கொண்ட மலை வழிகாட்டி ஒரு வாலிஸ்காரப் பெண். ரசீதைப் பார்த்துவிட்டு, "இது பாதைக்கான கணக்கு. பனியாற்றில் பாதை எங்கே இருக்கு?" என்று கேட்டார். சரிதான். மஞ்சள் கைகாட்டிப் பலகை அங்கே ஒன்றுகூடக் கிடையாது. பனிப்பிளவு ஒன்று குறுக்கே வந்தால் அதன் முனை வரை சுற்ற வேண்டும். நேர்கோட்டில் நூறு மீட்டர் என்பது காலுக்கு நானூறாகிவிடும்.

அடுத்து அவர் சொன்னது எனக்குத் தலைகீழாகப் பட்டது. பனியாற்றின் மேல்பாதி பார்க்க அழகு; சலவை செய்த மாதிரி வெள்ளை. கீழ்பாதி சாம்பல் நிறம், கல்லும் வெடிப்புமாகக் கிடக்கும். பயப்பட வேண்டியது அந்த வெள்ளைக்குத்தான். கீழே பிளவு கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போகலாம். மேலே, போன மாரியின் பனி பிளவுகளை மூடிக் கிடக்கும். அந்தப் பனிப்பாலம் இரவில் இறுகியிருந்தால் ஆளைத் தாங்கும்; வெயிலில் இளகினால் தாங்காது. அதனால்தான் கயிறு. இரண்டு பேர் மட்டும் கட்டிக்கொண்டு போனால், ஒருவர் விழும்போது மற்றவர் தனியாக இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் இருந்தால் அந்தக் கதை மாறும்.

1926 மார்ச்சில் லோட்ஷன்டால் பக்கத்துச் சகோதரர்கள் மூன்று பேர் இந்தப் பனியாற்றில் காணாமல் போனார்கள். எலும்புகள் கிடைத்தது 2012இல். 86 வருடம் பனி அவர்களை வைத்திருந்தது. இந்தக் கதையை அவர் எங்களுக்குச் சொன்னது கயிறு கட்டுகிற நேரத்தில், நல்ல நேரம் பார்த்து.

ஆகவே முதல்நாள் பின்னேரம் பார்க்க வேண்டியது மழை வருமா என்பதை மட்டுமல்ல. சைபர் டிகிரி எந்த உயரத்தில், இரவில் வானம் தெளிவா முகிலா, இந்த இரண்டும் வேண்டும். முகில் போர்வை மாதிரி மூடிக்கொண்டால் பனி இறுகாது. இறுகிய பனியில் நடக்க விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டும். ஆனால் முதல் ரயிலைப் பிடித்தாலும் வெயில் ஏறிய பிறகுதான் யுங்ஃப்ராவ்யோகில் இறங்கலாம். எங்கள் ஒருநாள் திட்டத்தின் ஓட்டை அதுதான். மேலே ரயில் தாமதமாக விடுகிறது, கீழே கடைசிக் கேபிள் கார் காத்திருக்காது, நடுவில் பனி இளகுகிறது.

வழிகாட்டி ரசீதில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதினார்: ஒரு மணிக்குள் கொங்கோர்டியா. பல பனியாறுகள் கூடுகிற கொங்கோர்டியா வெளியைப் பகல் ஒரு மணிக்கு முன் அடைந்தால் தொடர்ந்து நடப்போம். பிந்தினால் பக்கத்துப் பாறைமேல் உள்ள குடிலில் இரவு தங்கல், பேச்சே இல்லை. அங்கே மூன்று படுக்கைகளுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்.

சாமான் பட்டியல் உங்களுக்கு எங்கும் கிடைக்கும், நான் ஓதவில்லை. இரண்டு மட்டும். வெயில் பனியில் பட்டுக் கீழிருந்தும் எறிக்கும். கிரீமை நாடிக்குக் கீழேயும் மூக்குத் துவாரத்திலும் பூசுங்கள். வாலிஸில் ஆபத்தென்றால் அழைக்க வேண்டிய இலக்கம் 144.

போன ஓகஸ்டில் போனோம். சுரங்க வாசலில் எல்லோரும் சப்பாத்துக்குக் கீழே கிராம்பன், அதாவது பனியில் வழுக்காமல் இருக்க இரும்பு முள்ளுச் சட்டம், மாட்டுகிறார்கள். என்னுடையது வாடகைக்கு எடுத்தது. வீட்டில் பையைத் திறக்கவே இல்லை. குதிக்கால் பக்கம் இரண்டு விரல் இடைவெளி ஆடியது. நீளத்தை மாற்றும் பட்டை எங்கே, எந்தத் துளையில் செருகுவது என்று விறைத்த விரலால் தடவினேன். 3454 மீட்டரில் காற்றில் பிராணவாயு கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். குனிந்து நிமிர்ந்தாலே மூச்சு வாங்கும். "அண்ணை, தள்ளுங்கோ" என்று நண்பர் செய்து முடிக்க நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் பனி சோறு குழைந்த மாதிரி ஆகிவிட்டது. முழங்கால் வரை புதைந்து, இழுத்து, புதைந்து நடந்தோம். கொங்கோர்டியாவில் கால் வைக்கும்போது இரண்டு மணி பத்து.

"இன்னும் வெளிச்சம் இருக்கே," என்றேன். வழிகாட்டி பதில் சொல்லாமல் ரசீதை நீட்டினார்.

1877இல் முதல் குடில் கட்டியபோது பனி இன்னும் உயரத்தில், குடிலுக்குக் கிட்டே கிடந்ததாம். இப்போது பனி உருகித் தாழ்ந்துவிட்டது. பாறையில் அடித்த இரும்புப் படிகள், நானூறுக்கும் மேல். ஆண்டுக்காண்டு கீழே இன்னும் படி சேர்க்கிறார்கள். எண்ணத் தொடங்கி இருநூறில் விட்டுவிட்டேன். மேலேயிருந்து பார்த்தால், பல பனியாறுகள் கூடி ஒன்றாகி, விரித்துப் போட்ட வேட்டி மாதிரி நீளக் கறுப்புக் கரையோடு தெற்கே போகிறது. கரை என்பது கல் வரிசை. அந்த இடத்தில் பனியின் தடிப்பு சுமார் 800 மீட்டர்.

சிக்னல் கிடைத்த மூலையில் நின்று முதலாளிக்கு அழைத்தேன், நாளைக்கு வேலைக்கு வர முடியாது என்று. "எங்கே நிற்கிறாய்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப வெங்காயம் யார் வெட்டுறது?" என்றார்.

மறுநாள் வெறும் பனிக்கட்டியில் கிராம்பன் கறுக் கறுக்கென்று கடிக்க, மெர்யெலன் வழியாக மத்தியானத்துக்கு முன் ஃபீஷர்ஆல்ப் வந்து சேர்ந்தோம்.

இந்த ஓகஸ்டிலும் போகிறோம். இரண்டு நாள் லீவு கேட்டாயிற்று. கிராம்பன் சொந்தமாக வாங்கி, சப்பாத்தில் மாட்டியபடியே வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். மனைவி இதுவரை இரண்டு தடவை அதில் இடறிவிட்டா.