“உட்காருங்க தம்பி”

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த அரங்குக்கு நான் ஹவ்காங்கிலிருந்து ரயிலில் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் உட்கார இடம் கிடைத்தது. என் வரிசையிலேயே இன்னும் இரண்டு இருக்கைகள் காலி. எதிரே கதவோரம், தமிழ்நாட்டிலிருந்து இங்கே சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, லிட்டில் இந்தியாவுக்கு, நம் தேக்காவுக்குக் கிளம்பியவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. பொத்தோங் பாசிர் நிலையம் போனது, பூன் கெங் போனது, ஃபேரர் பார்க்கும் போனது. மூவரும் உட்காரவே இல்லை. அந்தக் காலி இருக்கைகளை ஒரு முறை பார்த்துவிட்டு, கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றாடப் பயண அனுபவங்களைப் பற்றிப் பொதுவாகப் பேசும்படிதான் என்னை அழைத்தார்கள். நானும் அப்படித்தான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ரயிலில் வந்த அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மனம் மாறிவிட்டது. அந்தக் காலி இருக்கைகளைப் பற்றியே பேசுகிறேன்.

நான் செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. மாதம் ஒரு முறை அம்மா என்னையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு, நீ சூன் வழியாகப் பஸ் பிடித்துத் தேக்காவுக்குச் சாமான் வாங்க வருவார். 1973இல் மூன்று பஸ் கம்பெனிகளை ஒன்றாக்கி சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் என்று தொடங்கிய காலம் அது. பஸ்ஸில் குளுகுளு வசதி கிடையாது. சன்னலைத் திறந்து வைத்தால்தான் காற்று. கண்டக்டர் கையில் டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கி இருக்கும். அதை அவர் கம்பியில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வருவார். “மாசோக் டாலாம்! மாசோக் டாலாம்!” உள்ளே போங்கள், உள்ளே போங்கள் என்று அர்த்தம்.

அந்த பஸ்ஸில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பேச்சு இருந்தது. பாசார் மலாய் என்று சொல்வோமே, சந்தையில் பேசுகிற மலாய். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீனப் பாட்டிக்கும் தெரியாது. ஆனாலும் மீன் என்ன விலை, பிள்ளை எத்தனையாவது படிக்கிறான், மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று இரண்டு பேரும் தேக்கா வரும்வரை பேசிக்கொண்டே வருவார்கள். “சுடா மக்கான்?” சாப்பிட்டாயிற்றா? யாரைப் பார்த்தாலும் முதலில் வருவது அந்தக் கேள்விதான். இலக்கணம் எல்லாம் யார் பார்த்தார்கள்?

அப்புறம் கண்டக்டர் வேலையே இல்லாமல் போனது. ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் காசு போட்டுவிட்டு ஏறினோம். 1987 நவம்பர் 7ஆம் தேதி ரயில் வந்தது. யியோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்கள். வேடிக்கை பார்க்கவென்றே குடும்பம் குடும்பமாகப் போனோம். பிறகு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பொதுவாக ஒரு காந்த அட்டை வந்தது. 2002இல் தட்டினாலே போதும் என்ற ஈஸி-லிங்க் அட்டை. 2003இல், நான் இன்று வந்த இந்த வடகிழக்கு ரயில் பாதை. அதில் ஓட்டுநரும் கிடையாது. இப்போது வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம்.

இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை பார்த்தவள் நான். இரவு வேலை முடிந்து வருகிறவளுக்கு நேரம் தவறாமல் வரும் ரயில் எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்பெல்லாம் ஓர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு வார்த்தையாவது பேசியாக வேண்டும். எங்கே இறங்குகிறோம் என்று கண்டக்டரிடம் சொல்லாமல் டிக்கெட் கிடைக்காது. இன்று பாசிர் ரிஸிலிருந்து துவாஸ் வரைக்கும், தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, வாயைத் திறக்காமலே போய் இறங்கிவிட முடியும். பேச்சு தானாக நடந்த காலம் முடிந்துவிட்டது. இனி யாராவது வேண்டுமென்று முதல் வார்த்தையைச் சொன்னால்தான் உண்டு.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், வேலை முடிந்து களைப்போடு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கை காலி. ஒரு கட்டுமான ஊழியர் ஏறினார். பூட்ஸ் முழுக்கக் காய்ந்த சேறு. அவர் என் பக்கம் வருவதைப் பார்த்ததும், மடியில் இருந்த என் பை பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டது. யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து, கதவோரம் தரையில் குந்தி உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருடைய இரத்தத்தையும் வாந்தியையும் துடைத்த கை இது. காய்ந்த சேற்றுக்கு அந்தக் கை பயந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பைதான் என்னை இன்று இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது.

அண்மையில் ஒரு மாலை. லேக்சைடில் மகள் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பெட்டியில் ஓரளவு கூட்டம். முந்தைய நிலையத்தில் ஏறிய ஓர் இளைஞர் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். நின்றபடியே கண் சொக்கியது. சட்டையில் சிமெண்டுத் தூசி. எனக்கும் ஒரு வயதான சீன அம்மாவுக்கும் நடுவில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அவருக்கு எண்பது வயதுக்குக் குறையாது, காலடியில் தள்ளுவண்டிப் பை. அவர் அந்த இருக்கையைக் கையால் இரண்டு தட்டுத் தட்டி, அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னார்: “டுடோக், டுடோக்.”

உட்காரு என்று மலாயில். அந்தப் பழைய பஸ் பேச்சு! அதைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த பையனுக்கு மலாய் எங்கே தெரியப்போகிறது? அவர் திருதிருவென்று விழித்தார். நான் சொன்னேன்: “உட்காருங்க தம்பி. பாட்டி உங்களத்தான் உட்காரச் சொல்றாங்க.”

“வேணாம்க்கா. சிமெண்டு ஒட்டிக்கும்.”

பாட்டி மறுபடியும் இருக்கையைத் தட்டினார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார், அதுவும் நுனியில். முதுகு சாயவே இல்லை. பாட்டி என் பக்கம் திரும்பி, “சுடா மக்கான்?” என்று கேட்டார். கேள்வி எனக்கு இல்லை, பையனுக்கு. நான் தமிழில் கேட்டேன். மதியச் சாப்பாடும் விடியற்காலையிலேயே பொட்டலமாக வந்துவிடும் என்றும், இனி அறைக்குப் போய்த்தான் இரவுச் சாப்பாடு என்றும் சொன்னார். ஊர் அறந்தாங்கிப் பக்கம். என் தாத்தா பட்டுக்கோட்டை. அதைச் சொன்னதும் அந்த முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு. நான் இதையெல்லாம் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பாட்டிக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

இறங்கும் நிலையம் வந்ததும் அந்தத் தம்பி எழுந்தார். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து, தான் உட்கார்ந்த இருக்கையை நன்றாகத் துடைத்தார். எங்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். பாட்டி ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

நண்பர்களே, ரயில் நிலையத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, 500 வெள்ளி, அதாவது டாலர், அபராதம். புகைபிடித்தால் 1,000 வெள்ளி. எளிதில் தீப்பற்றும் பொருள் கொண்டுவந்தால் 5,000. டுரியான் பழத்துக்கும் ஒரு படம் உண்டு. வேலை செய்த உடையோடு வருகிறவர் உட்காரக் கூடாது என்று அந்தப் பலகையில் ஒரு படமும் இல்லை. அந்தத் தம்பி எந்தப் பலகையைப் பார்த்து நின்றார்? நம் முகத்தைப் பார்த்துத்தான். என் கைப்பையைப் போன்ற எத்தனையோ கைப்பைகளைப் பார்த்துத்தான். இன்று வந்த மூவரின் சட்டையில் தூசியே இல்லையே. வாரம் முழுக்கப் பழகியது ஞாயிற்றுக்கிழமையும் கூடவே வருகிறது.

இன்னும் பலர் ரயிலிலோ பஸ்ஸிலோ வேலைக்குப் போவதே இல்லை, லாரியின் பின்புறத்தில்தான் போகிறார்கள். அது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அதைத் தனியாகவும் விரிவாகவும் பேச வேண்டும், இன்று விடுகிறேன்.

“நாம் ஒருத்தர் சொல்லி ஜனங்கள் மாறுவார்களா?” என்று ஒரு தோழி கேட்டார். மாறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2006 வாக்கில் சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்துகள் வரத் தொடங்கியபோது, என் நோயாளிகளில் பலர் ஏறப் பயந்தார்கள். “எனக்காக பஸ்ஸே நிக்கணும். எல்லாரும் என்னையே பார்ப்பாங்க, மிஸ்ஸி” என்பார்கள். மிஸ்ஸி என்றால் தாதி. 2020 முடிவதற்குள் பொதுப் பேருந்துகள் எல்லாமே அப்படி மாறிவிட்டன. இப்போது என்ன நடக்கிறது? ஓட்டுநர் இறங்கி வருகிறார், பலகையை விரிக்கிறார், நாற்காலியை ஏற்றுகிறார், இடத்தில் நிறுத்துகிறார், மறுபடி பலகையை மடக்குகிறார். பஸ் முழுக்கக் காத்திருக்கிறது. யாரும் முணுமுணுப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து வழிவிடுகிறார்கள். பஸ்ஸும் மாறியது, உள்ளே இருந்தவர்களும் மாறினார்கள்.

அந்த ஓட்டுநர்களில் நம்மவர்களும் நிறையப் பேர் உண்டு. மலேசியாவின் ஜொகூரில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, பாலம் தாண்டி வந்து வண்டி எடுக்கிறார்கள். இறங்கும்போது “நன்றி தம்பி” என்று சொல்லிப் பாருங்கள். கண்ணாடியில் அந்தக் கண்களைப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் உள்ளே நகர்ந்து, ஓரத்து இருக்கையை விடுங்கள். இரண்டு பேருக்கு நடுவில் வந்து உட்காரத்தான் அவர்கள் அதிகம் கூச்சப்படுகிறார்கள், ஓரம் என்றால் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு முறை, மெதுவாக, “உட்காருங்க தம்பி” என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வற்புறுத்தினால் பெட்டியே திரும்பிப் பார்க்கும், அது இன்னும் சங்கடம். வங்காளதேசத்துப் பிள்ளையாக இருந்தால் தமிழ் புரியாது. இருக்கையைத் தட்டிக் காட்டினால் போதும், அந்தப் பாட்டி எனக்குக் காட்டிக் கொடுத்தது அது. பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் அவர்கள் பார்க்கும்படி செய்யுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தவரின் ஊர் எது என்று அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழில் பேச ஆள் இல்லை என்று நாம் கவலைப்படுகிறோம். பேச ஆள் கதவோரம் நிற்கிறார்.

மணி ஏழேகால் ஆகிவிட்டது. இப்போது லிட்டில் இந்தியா நிலையத்தில் கூட்டம் தொடங்கியிருக்கும். அரிசி, மசாலா, தேங்காய் எண்ணெய் என்று இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் திரும்பிப் போகிற நேரம். துவாஸ் பக்கம் தங்குகிறவர்கள் ஊட்ரம் பார்க்கில் மாற வேண்டும். அங்கிருந்து துவாஸ் லிங்க் 17ஆவது நிலையம். மொத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நாளை காலை மறுபடியும் வேலை. ஜூரோங் பக்கம் போகிற நம்மில் பலரும் அதே ரயிலில்தான் ஏறப்போகிறோம். நானும் இன்று மகள் வீட்டுக்குத்தான் போகிறேன். இன்னும் பேசிக்கொண்டிருந்தால் உங்களுக்கு நேரமாகிவிடும். வாருங்கள், ஒன்றாகவே போகலாம்.

நன்றி, வணக்கம்.