எரிமலைத் தீவில் ஒரு வாரம்: போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

[காட்சி: குந்துகால் கரை. எதிரே குருசடைத் தீவு]

வணக்கம். பாம்பன் குந்துகாலில் நின்று பேசுகிறேன். எதிரே தெரிவது குருசடை. இதுபோல தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். குருசடை, மனோலி, முசல் தீவு என்று எதில் ஏறிப் பார்த்தாலும் மலை கிடையாது. கடல்மட்டத்துக்கு மேலே சில மீட்டர் மணல், அவ்வளவுதான். எல்லாமே பவளம் கட்டிய தீவுகள்.

இதே இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி ரீயூனியன் என்று ஒரு தீவு. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். நம் ராமநாதபுரம் மாவட்டத்தைவிடச் சின்னது. ஆனால் அதன் உச்சி 3,070 மீட்டர், தொட்டபெட்டாவைவிட 400 மீட்டருக்கும் மேல் உயரம். அது நெருப்பு கட்டிய தீவு.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள், "அண்ணே, மலையும் கடலும் சேர்ந்த மாதிரி ஒரு இடம் சொல்லுங்க, குடும்பத்தோட போகணும்" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. ஓட்டல் பட்டியல் எல்லாம் இணையத்தில் கிடைக்கும். நான் சொல்ல வருவது வேறு. அந்தத் தீவு எப்படி உண்டானது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே நடப்பது, எங்கே குளிப்பது, எந்த மாதம் போவது, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதெல்லாம் அதிலேயே அடங்கியிருக்கிறது.

[காட்சி: தனுஷ்கோடி, இடிந்த தேவாலயச் சுவர், மிக அருகில்]

முதலில் நம் ஊர்க் கல்லைப் பார்த்துவிடுவோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர் இது. பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லைக் கவனியுங்கள். முழுக்கச் சின்னச் சின்னத் துளை, சில இடங்களில் பூ மாதிரி கோடுகள். ஒவ்வொரு துளையிலும் ஒருகாலத்தில் ஓர் உயிர் இருந்தது. கடல்நீரில் இருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிய உயிர். அது செத்தபிறகு அதன் மேலே அடுத்தது. நம் மீனவர்கள் பார் என்று சொல்வது இப்படி உருவானதுதான். அதை வெட்டி வீடு கட்டினோம், சுண்ணாம்புக்கு எரித்தோம். 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது.

[காட்சி: இந்தியப் பெருங்கடல் வரைபடம்]

சரி, நெருப்புத் தீவுக்கு வருவோம். பூமிக்கு அடியில், ரொம்ப ஆழத்திலிருந்து, சூடான பாறை ஓரிடத்தில் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் பூமித்தட்டு மெதுவாக நகர்கிறது. அதனால் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு இடத்தில் துளை விழுந்து, உருகிய பாறைக் குழம்பு வெளியே வருகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடத்துக்கு மேலே இருந்தது நம் இந்தியா. அப்போது கொட்டிய குழம்புதான் இறுகித் தக்காணத்தின் கருங்கல் அடுக்குகளாக நிற்கிறது. எல்லோரா, அஜந்தா குகைகளைக் குடைந்தது அந்தப் பாறையில்தான். இந்தியா வடக்கே நகர நகர, பின்னாலேயே மாலத்தீவு வரிசை உண்டானது. அங்கே அடியில் எரிமலை, மேலே பவளம். பிறகு மொரீஷியஸ். கடைசியாக ரீயூனியன். கடலுக்கு மேலே அது தலைகாட்டி முப்பது லட்சம் ஆண்டுகூட ஆகியிருக்காது. அடுப்பு இன்னும் அணையவில்லை.

[காட்சி: பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை]

எரிந்துகொண்டிருக்கும் மலைக்குப் பெயர் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ். உயரம் 2,632 மீட்டர். உலகத்தில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. பல தடவை ஒரே வருடத்துக்குள் ஒரு முறைக்கு மேலேயே பொங்கியிருக்கிறது. அங்கேயா குடும்பத்தோடு போவது என்று பயப்பட வேண்டாம். இதன் குழம்பு நீர்த்தது, அதனால் வாயு எளிதாகத் தப்பிவிடும். மலையே வெடித்துச் சிதறும் வகை இல்லை, பெரும்பாலும் பிளவு வழியே வழிந்து ஓடும் வகை. பெரிய குழிவான ஒரு நிலத்துக்குள், பக்கச்சுவர்களுக்கு நடுவே, கடலைப் பார்த்தபடி ஓடும். அந்தப் பக்கம் ஊர் கிடையாது.

சில சமயம் சுவரைத் தாண்டியும் வந்திருக்கிறது. 1977ல் பித்தோன் சேன்ட் ரோஸ் ஊருக்குள் குழம்பு இறங்கியது. மக்களை முன்பே வெளியேற்றிவிட்டார்கள். தேவாலயத்தின் வாசல்வரை வந்த குழம்பு, இரண்டு பக்கமும் பிரிந்து போய்விட்டது. அந்தக் கோவிலும் சுற்றிலும் கறுத்துக் கிடக்கும் பாறையும் இன்றும் இருக்கின்றன. அவசியம் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் அங்கே எரிமலைக் கண்காணிப்பு நிலையம் வைத்தார்கள். இப்போது நிலம் லேசாக வீங்கினாலும் அதிர்ந்தாலும் கருவியில் தெரியும், உடனே பாதையை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறது, தடுப்பைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 2007 ஏப்ரலில் உச்சியில் இருக்கும் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கியது.

பாதை திறந்திருந்தால் எப்படி இருக்கும்? 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் பா தெ பெல்கோம்ப் வரை கார் போகும். அங்கிருந்து செங்குத்துச் சுவரில் படிக்கட்டில் இறங்க வேண்டும். கீழே கால் வைத்ததும் ஃபோர்மிகா லியோ, 1753ல் உண்டான சின்னச் செங்கறுப்புக் குன்று. அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை இறுகிய குழம்பு. குனிந்து பாருங்கள். காய்ச்சிய பாலில் ஏடு படிந்தபின் கரண்டியால் தள்ளினால் மடிப்பு மடிப்பாகச் சுருங்குமே, பாறை அச்சு அசலாக அப்படி இருக்கும். மேலே குளிர்ந்து தோல் கட்டியபோதும் அடியில் குழம்பு ஓடிக்கொண்டிருந்ததால் வந்த மடிப்பு அது. பக்கத்திலேயே கரடுமுரடான கட்டிகளும் கிடக்கும். விழுந்தால் உள்ளங்கை கிழிந்துவிடும். நல்ல ஷூ வேண்டும், செருப்பு ஆகாது. பாறைமேல் வெள்ளை வண்ணத்தில் வழி போட்டிருப்பார்கள். பனிமூட்டம் வந்தால் அந்த வெள்ளைப் புள்ளிகள்தான் துணை. உச்சிப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்ப 5 மணி நேரம் ஆகும். தண்ணீர் வழியில் கிடைக்காது.

[காட்சி: மேகம் ஏறும் மலைச் சரிவு]

அடுத்தது மழை. இது நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சீக்கிரம் புரியும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத்தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது, நமக்குக் கச்சான் காற்று மட்டும் வருகிறது. அங்கே காற்று கிழக்கிலிருந்து. உயரமான மலை குறுக்கே நிற்பதால் கிழக்குப் பக்கம் கொட்டித் தீர்க்கும், மேற்குக் கரை காய்ந்து கிடக்கும். நமக்கு ஒரு வருடத்தில் பெய்வது சுமார் 800 மில்லிமீட்டர். அந்த மலையில் ஃபோக்ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. அது உலகச் சாதனை.

அந்த மழைதான் பழைய எரிமலையைக் குடைந்து, சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்று மூன்று பெரும் பள்ளத்தாக்குகளாக ஆக்கியிருக்கிறது. இவையும் உச்சிகளும் 2010ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. சலாசியில் மழைக்காலம் முடிந்ததும் சுவர் முழுக்க அருவி. சிலாவோஸுக்கு வளைந்து வளைந்து ரோடு போகிறது. மஃபாத்துக்கு ரோடே கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அடிமை வாழ்விலிருந்து தப்பி ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. இன்றைக்கும் அங்கே ஊர்கள் இருக்கின்றன, அரிசி பருப்பு ஹெலிகாப்டரில் வருகிறது. ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். மலைவிடுதியில் இடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

மேகம் காலையிலேயே ஏற ஆரம்பித்துவிடும். பத்து மணிக்குப் போனால் வெறும் வெள்ளைதான் தெரியும். எந்த உச்சிக்குப் போனாலும் விடியும்முன் கிளம்புங்கள். ஓடையில் கயிறு கட்டி இறங்கும் விளையாட்டுக்கு வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

[காட்சி: எர்மிதாஜ் கடற்கரை]

கடலுக்கு வருவோம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழம் இறங்கிவிடும், மலையின் சரிவு கடலுக்கடியிலும் தொடர்வதால். சுறாத் தாக்குதல்கள் நடந்ததால் 2013ல் பாதுகாப்பான இடங்களுக்கு வெளியே குளிக்கவும் அலைச்சறுக்கவும் தடை போட்டார்கள். குளிப்பதானால் மேற்குக் கரையில், பவளப்பார் அரண் கட்டிய எர்மிதாஜ், சலீன் பக்கம். தண்ணீர் இடுப்பளவு, முகக்கண்ணாடி போட்டுக் குனிந்தாலே மீன் தெரியும். ஒன்று மட்டும் கவனம். பாரில் இடைவெளி இருக்கும் இடத்தில், உள்ளே வந்த தண்ணீர் மொத்தமும் வெளியே இழுக்கும். பாம்பன் மீனவர் யாரிடமும் இதை விளக்க வேண்டியதில்லை, சுற்றுலா போகும் பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன். பவளத்தின் மேல் நிற்காதீர்கள், ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள்.

ரீயூனியன் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்தது. அதனால் செலவு யூரோவில், பிரான்ஸ் நாட்டு விலை. மொரீஷியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம்.

[காட்சி: கோபுரம், கரும்புக் காடு]

கிழக்குக் கரையில் கரும்புக் காட்டுக்கு நடுவே கோபுரம் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 1848ல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். பேரப்பிள்ளைகள் இன்று பேசுவது பிரெஞ்சும், கிரியோல் என்ற உள்ளூர் மொழியும். ஆனால் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். சேன் ஆந்த்ரே ஊரில் தீபாவளியை ஊர்வலத்தோடு கொண்டாடுகிறார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், அப்போது வேண்டாம். மே முதல் நவம்பர் வரை நடக்க நல்ல காலம். ஜூன் முதல் அக்டோபர் வரை கரையோரமாகத் திமிங்கிலம் வரும். தீபாவளி அக்டோபரில் விழுகிற வருடமாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.