வரி எல்லாருக்கும், பென்ஷன் சிலருக்கு

வணக்கம். வரி, ஓய்வூதியம், அரசாங்கச் செலவு என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்ட உடனே வானொலியை மூடிவிடாதீர்கள், நான் பட்ஜெட் வாசிக்கப் போவதில்லை. நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன், மாதாமாதம் அரசாங்கப் பென்ஷன் எடுக்கிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இன்றைக்கு நான் சொல்லப்போவது என்னைப் போன்ற ஆட்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

இங்கே திருகோணமலையில், மனையாவெளிக் கடற்கரையில் வள்ளம் வைத்திருக்கிற தம்பி ஒருவர் அண்மையில் என்னோடு கதைக்கும்போது சொன்னார்: "வரியெல்லாம் உங்கள மாதிரி உத்தியோகத்தர்மாருக்குத்தான் சேர், நாங்க வரி கட்டுற ஆக்கள் இல்ல." சொல்லிக்கொண்டே எங்கள் இரண்டு பேரின் தேநீருக்கும் காசைக் கொடுத்தார், அதே கடையில் போனுக்கு ரீலோட்டும் போட்டார்.

அந்தத் தேநீரில் கிடந்த சீனி இறக்குமதிச் சீனி. 2023 நவம்பரில் அதன் மீதான விசேட பண்ட அறவீட்டை, அதாவது இறக்குமதிச் சாமானுக்கு எடுக்கிற ஒரு வரியை, ஒரு கிலோவுக்கு 50 ரூபா ஆக்கினார்கள். மாதம் நாலு கிலோ சீனி பாவிக்கிற குடும்பம் அந்த ஒரு சாமானுக்கு மட்டும் 200 ரூபா கட்டுகிறது. உவர்மலையில் மாடி வீட்டில் இருக்கிறவரும் நாலு கிலோவுக்கு அதே 200 ரூபாதான். ரீலோட்டில் தொலைத்தொடர்பு வரி 15 வீதம், வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதம், அதோடு சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று இன்னொன்று. அந்தக் காசு யாருடைய சமூகப் பாதுகாப்புக்கென்றும் தனியாக எடுத்து வைக்கப்படுவதில்லை, மற்ற வரிகளோடு திறைசேரியில் கலந்துவிடும்.

ஆக அந்தத் தம்பி கட்டாதது வருமான வரி ஒன்றைத்தான். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேல் உழைக்கிறவருக்குத்தான் அது வரும். ஆனால் இந்த நாட்டின் வரி வருமானத்தில் பெரும்பகுதி வருமான வரி இல்லை, கடையிலும் துறைமுகத்திலும் பொருட்கள், சேவைகள் மீது எடுக்கப்படுகிற வரி. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் பக்கமே போகாத ஆள்கூட விடிந்து எழும்பிப் பல் தீட்டும்போதே வரி கட்டத் தொடங்கிவிடுகிறார்.

வரி பற்றிய ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி, படிவத்தில் கையெழுத்து வைக்கிறவர் யார் என்பதல்ல, சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதுதான். இதற்கு நம் சீனியே நல்ல பாடம். 2020 ஒக்டோபரில், அப்போதும் 50 ரூபாவாக இருந்த இதே வரியை 25 சதமாகக் குறைத்தார்கள், ஐம்பது சதம்கூட இல்லை, 25 சதம். அப்படியென்றால் கடையில் கிலோவுக்கு 49 ரூபாயாவது இறங்கியிருக்க வேண்டாமா? இறங்கவில்லை. இறக்குமதி செய்தவர்கள் வைத்துக்கொண்டார்கள், திறைசேரி பல பில்லியன் ரூபாவை இழந்தது, அது நாடாளுமன்றம் வரை போய்ப் பெரிய சர்ச்சையானது. வரி ஏறும்போது விலை அன்றிரவே ஏறும், வரி இறங்கும்போது விலைக்குக் கால் வலிக்கும்.

சரி, வரியைக் குறைப்பதே பிழையா என்று கேட்பீர்கள். 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். வருமான வரியின் வருடாந்த விலக்கு எல்லை 12 இலட்சத்திலிருந்து 30 இலட்சத்துக்குப் போனது. அப்புறம் கொரோனா வந்தது, உல்லாசப் பயணிகள் வரவில்லை. 2021இல் அரச வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 வீதத்தை ஒட்டி வந்து நின்றது, உலகத்திலேயே மிகக் குறைந்த வரிசையில். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும், பெற்றோல் வரிசையில் நீங்களும் நின்றிருப்பீர்கள். எனவே அரசாங்கத்துக்கு வரி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாரிடம் எடுப்பது, எடுத்ததை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி இலங்கைக்குப் புதிதும் இல்லை. நிக்கலஸ் கால்டோர் என்று கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஒருவர், 1950களின் கடைசியில் இங்கே வந்து ஆலோசனை சொன்னார்: பணக்காரர் உழைப்பதைப் பார்த்து மட்டும் வரி போடாதே, அவர் செலவழிப்பதைப் பார்த்தும் போடு. 1959இல் செலவு வரி என்று அதைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள். 1976இல் மறுபடி கொண்டுவந்து 1977இல் மறுபடி கைவிட்டார்கள். ஒருவர் வருடம் முழுக்க என்ன செலவழித்தார் என்று யார் கணக்கெடுப்பது? பணக்காரரின் கணக்கை எடுப்பது கஷ்டம், ஏழையின் சீனியில் எடுப்பது சுகம். வரி நிர்வாகம் எப்போதும் சுகமான பக்கம்தான் சாயும்.

பிரித்தானியாவில் ஜேம்ஸ் மிர்லீஸ் என்ற நோபல் பரிசு பெற்ற பொருளியலாளரின் தலைமையில் வரி முறை முழுவதையும் ஆராய்ந்து 2011இல் ஒரு பெரிய அறிக்கை முடித்தார்கள். அதில் ஒரு வாதம் முதலில் கேட்கும்போது கோபம் வரும்: உணவுக்கு வற் விலக்குக் கொடுக்காதே, எல்லாவற்றுக்கும் போடு என்றார்கள். ஏனென்றால் உணவு விலக்கினால் ரூபாக் கணக்கில் அதிகம் இலாபம் அடைகிறவர் அதிகம் வாங்கிச் சாப்பிடுகிற வசதியானவர். அந்த வரியை எடு, எடுத்ததை ஏழைக்கு நேரடியாகக் காசாகக் கொடு, ஏழைக்கு அதுதான் கூடுதலாகக் கிடைக்கும் என்பது வாதம். கணக்கு சரிதான், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் இரண்டு பாதி இருக்கிறது. நம் நாட்டில் முதல் பாதியை ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு செய்துவிடுவார்கள். 2024 ஜனவரியில் வற் 18 ஆனது, அதுவரை விலக்கில் இருந்த டீசலும் சமையல் எரிவாயுவும் அதே நாளில் உள்ளே வந்தன. இரண்டாவது பாதிக்குத்தான் விண்ணப்பம், புள்ளி, மேன்முறையீடு, வரிசை.

இப்போது என் பென்ஷனுக்கு வருகிறேன். அரசாங்க ஓய்வூதியத்துக்கு அடிப்படை 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு என்கிற விதிகள். நான் வேலை செய்த காலத்தில் விதவைகள் அநாதைகள் நிதிக்குக் கழித்தார்கள், ஆனால் என் சொந்தப் பென்ஷனுக்கு ஒரு சதமும் கழிக்கவில்லை. அதற்கென்று எங்கேயும் ஒரு நிதியம் சேர்த்து வைக்கப்படவில்லை. இந்த வருடம் வருகிற வரியிலிருந்து இந்த வருடம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஏறத்தாழ 7 இலட்சம் பேர் எடுக்கிறோம், வருடத்துக்கு 300 பில்லியன் ரூபாவுக்கும் மேல் போகிறது. மனையாவெளித் தம்பியின் சீனிக் காசு எனக்கு வருகிறது. அவருக்கு வயது போனால்? அரசாங்க உத்தியோகத்தில் சம்பளம் குறைவு, பென்ஷனை நம்பித்தான் முப்பது வருடம் இருந்தோம் என்று என் கூட்டாளிகள் சொல்வார்கள், அதுவும் உண்மை. அவர்களுடையதைப் பறி என்று நான் சொல்லவில்லை, என்னுடையதைத் தொட விடமாட்டேன்.

தனியார் துறைக்கு ஊழியர் சேமலாப நிதி என்கிற ஓய்வுகாலச் சேமிப்பு, 1958ஆம் ஆண்டுச் சட்டம். சம்பளம் 50,000 என்றால் தொழிலாளியிடம் 8 வீதம், 4,000 ரூபா. முதலாளி 12 வீதம், 6,000 ரூபா. அந்த 12ஐ முதலாளி தன் மடியிலிருந்து தருவதாக நினைக்கிறோம். சிலியில் 1981இல் ஓய்வூதிய முறையை மாற்றி முதலாளி கட்ட வேண்டிய பங்கைக் குறைத்தபோது என்ன நடந்தது என்று பொருளியலாளர் ஜொனதன் குரூபர் ஆராய்ந்தார். குறைந்த அளவு கிட்டத்தட்ட முழுவதும் சம்பள உயர்வாகத் தொழிலாளியிடமே போயிருந்தது. அதாவது அதுவரை அந்தப் பங்கையும் சுமந்தது தொழிலாளிதான். இங்கேயும் அப்படியே என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் சேமலாப நிதியை யாரும் தந்த நன்கொடை மாதிரிப் பேசுவதை விட்டுவிடலாம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 69.8 வீதம், அந்த வருடத்துக்கு சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 வீதம். மறு வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது அரசாங்கம் நாட்டுக்குள் பட்ட கடனின் நிபந்தனைகளை மாற்றுவது, வந்தபோது வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களை, தொடாமல் விட்டார்கள், தொழிலாளரின் ஓய்வுகால நிதியங்களிடம் மட்டும் நீண்டகால முறிகளுக்கு மாறுங்கள் என்றார்கள். மாறாவிட்டால் அந்த நிதியங்களின் முறி வருமானத்துக்கான வரி 14 வீதத்திலிருந்து 30 ஆகும் என்றும் சொன்னார்கள். வங்கி சரிந்தால் எல்லாரும் சரிவோம் என்பது அவர்களுடைய நியாயம். இருக்கட்டும். ஆனால் சுமக்கச் சொல்லப்பட்டவர் யார் என்று பாருங்கள், தையல் தொழிற்சாலைப் பிள்ளை, ஹோட்டலில் வேலை செய்கிற பொடியன்.

அரசாங்கப் பென்ஷன், சேமலாப நிதி இந்த இரண்டிலும் இல்லாத ஆட்கள்தான் எங்கள் மாவட்டத்தில் அதிகம். நிலாவெளியில் கரைவலை இழுக்கிறவர், தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர், கின்னியாவில் மீன் வியாபாரி, வீட்டு வேலைக்குப் போகிற அக்கா. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாக வந்தன, நல்ல எண்ணம். விரும்பினால் சேரலாம் என்பது அவற்றின் பலவீனம், தவணை தவறாமல் கட்ட வேண்டும் என்பது அடுத்தது. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. விவசாயிகள் திட்டத்தில் 2012இல் கொடுப்பனவே நின்றுபோய் 2014இல்தான் மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு இளம் ஆட்களிடம் போய் இதில் சேருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அத்தோடு 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரே இரவில் போனது. வள்ளக்காரருக்கு மிஞ்சிக் கிடந்ததும் இயந்திரத்துக்குள் போய்விட்டது.

என் யோசனை எளிமையானது. எல்லாரிடமும் வரி எடுக்கிற அரசாங்கம் வயது போன எல்லாருக்கும் ஒரு அடிப்படைப் பென்ஷன் கொடுக்கட்டும், வேறு பென்ஷன் எடுக்கிற என்னைப் போன்றவர்களைத் தவிர்த்து. 2024 குடிசன மதிப்பீட்டில் மொத்தம் 2 கோடி 17 இலட்சம் பேர், அதில் 65 வயதும் அதற்கு மேலும் 12.6 வீதம். 2012இல் இது 7.9 வீதம்தான், நாடு எவ்வளவு வேகமாகக் கிழடாகிறது பாருங்கள். 12.6 வீதம் என்றால் ஏறத்தாழ 27 இலட்சம் பேர். தலைக்கு மாதம் 5,000 என்று பெருக்கினால் வருடத்துக்கு 164 பில்லியன் அளவில் வருகிறது. அரச ஓய்வூதியர்களைக் கழித்தால் இன்னும் குறையும். பெரிய தொகைதான், ஆனால் எங்களுக்கு ஏற்கனவே கொடுப்பதில் பாதி அளவு. நம்மைவிட வறிய நேபாளம் 1995இலேயே முதியோர் கொடுப்பனவைத் தொடங்கி இன்று வரை கொடுத்து வருகிறது.

ஏழைக்கு மட்டும் கொடுத்தால் போதாதா, வறிய குடும்பங்களுக்குக் காசு கொடுக்கிற அஸ்வெசும திட்டம் இருக்கிறதே என்பார்கள். 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். இப்படிப் புள்ளி போட்டு ஏழையைத் தேடுகிற முறையை ஆபிரிக்காவின் ஒன்பது நாடுகளின் தரவுகளில் பரிசோதித்தபோது, உண்மையான ஏழைகளில் பெருந்தொகையானவர்களை அது தவறவிடுவது தெரிந்தது. இங்கே அதைப் பார்க்கத் தரவு தேவையில்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த கல் வீடு, ஓட்டுக் கூரை, உள்ளே இரண்டு கிழடுகள், பிள்ளைகள் தூரத்தில். படிவத்தில் அந்த வீடு நல்ல வீடு. வயதைப் பொய்யாகக் காட்ட முடியாது, அடையாள அட்டையிலேயே இருக்கிறது. எழுபது கடந்த வறியவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு 2025இல் 5,000 ரூபாவானது. அதில் வறியவர் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, வயதை 65க்குக் கொண்டுவருவதுதான் நான் கேட்பது. காசு? வீடு வளவு, பெரிய சொத்து மீது ஒழுங்கான வரி இன்னும் இல்லை, அங்கே தொடங்கட்டும்.

ஒரு நடைமுறைத் தகவலோடு நிறுத்துகிறேன். வங்கி நிலையான வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 வீதம் பிடித்து வைக்கிறார்கள். உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்றால் வங்கியில் அதற்கான பிரகடனப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், பிடிக்க மாட்டார்கள். வைப்பு வைத்திருக்கிற எத்தனையோ அம்மாமார் இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நாளைக்கே அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். வணக்கம்.