கழட்டிட்டா வாங்கினவருக்கு என்ன மிஞ்சும்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

பெங்களூர் ஃப்ரேசர் டவுன்லேர்ந்து சிற்பம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார்: “இன்ஸ்டலேஷன் (ஒரு இடத்துல பொருள்களை அமைச்சுக் காட்டுற கலைப்படைப்பு) ஒரு மாசம் இருக்கும், அப்புறம் கழட்டிடுவாங்க. அப்போ வாங்குறவர் எதைத்தான் வாங்குறார்? எப்படி விலை வைக்கிறது?” ரொம்ப சந்தோஷம் தம்பி. வெல்டிங் பத்திப் பேசினப்பவே இந்தக் கேள்வி வரும்னு எதிர்பார்த்தேன்.

அவர் வாங்குறது அந்த வேலையைத் திரும்ப நிறுத்துற உரிமை, நிறுத்துறதுக்கான வழி. பொருள் அதுல ஒரு பங்குதான். அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட்டோட சுவர் ஓவியங்களை எடுத்துக்குங்க. வாங்கினவர் கையில இருக்குறது ஒரு சான்றிதழ், ஒரு வரைபடம். லெவிட் 2007-ல காலமாயிட்டார். இப்பவும் வேற ஆளுங்க அந்தக் குறிப்பைப் பார்த்துச் சுவர்ல வரையறாங்க.

நம்ம பெங்களூர்லயே ஷீலா கவுடான்னு ஒரு கலைஞர் இருக்காங்க. 2009-ல இத்தாலியில நடந்த வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில அவங்க வெச்ச ‘பிஹோல்ட்’, தலைமுடியில திரிச்ச கயிறு, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், அதோட கார் பம்பர்கள். கண் திருஷ்டிக்கு வண்டியில முடிக்கயிறு கட்டுவாங்க இல்லையா, அங்கேர்ந்து வந்தது. இப்போ லண்டன் டேட் அருங்காட்சியகத் தொகுப்புல இருக்கு. பெட்டிக்குள்ள சுருண்டு கிடக்கும்போது அது முடிக்கயிறு. எங்கே கட்டணும், எப்படித் தொங்கணும்னு தெரிஞ்சவங்க கட்டினாத்தான் படைப்பு.

அதனாலதான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன், கழட்டத் தெரியாம கட்டாதீங்க. பழைய ஆளுங்களுக்கு இது மனப்பாடம் ஆகியிருக்கும், பரவாயில்லை, இன்னொரு தடவை கேளுங்க. 200 மண் கலயத்தை 12 அடிக்கு 10 அடி இரும்பு ஃப்ரேம்ல தொங்கவிடுறீங்கன்னு வெச்சுக்குவோம். ஃப்ரேமை முழுசா வெல்டு வெச்சுட்டா கேலரியிலேர்ந்து வெளியே வரும்போது கட்டர் போட்டுத்தான் வரும். அடுக்குமாடி லிஃப்ட்டுக் கதவு நிறைய இடத்துல 800 எம்எம்தான். அதனால ரெண்டடி அகலத் துண்டுகளா பண்ணி 8 எம்எம் போல்ட்டுல சேருங்க. ஒவ்வொரு மூட்டுலயும் ரெண்டு பக்கமும் ஒரே எண்ணை நம்பர் பஞ்ச் (இரும்புல எண் பதிக்கிற அச்சு) வெச்சு அடிச்சிடுங்க. மார்க்கர் அழியும், ஸ்டிக்கர் உரியும். நைலாக் நட்டு போட்டா, கழட்டி மாட்ட மாட்ட உள்ளே இருக்குற நைலான் தேஞ்சு பிடிமானம் போயிடும். ஒவ்வொரு தடவையும் புது நட்டு, பெட்டியில ரெண்டு செட் உபரி.

கலயம் 200 வேணும்னா 220 சுட்டு வாங்குங்க. அதே மண்ணு, அதே சூளை. இங்கே குயவர்கள் இருக்குற பாட்டரி டவுன்ல தமிழ்லயே பேசி வேலை வாங்கலாம், ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு அதே நிறத்துல கேட்டா கிடைக்காது. நூல், காகிதம் மாதிரிப் பொருளை மழைக்காலத்துல ஈரத்தோட மூடாதீங்க, பூஞ்சை பிடிக்கும். பெட்டியை 12 எம்எம் பிளைவுட்ல பண்ணுங்க, ஆணி வேண்டாம், ஸ்க்ரூ. ஆணியைப் பிடுங்குற அதிர்ச்சியிலயே மண் சாமான் விரிசல் விடும்.

இப்போ வாங்குறவருக்குக் குடுக்குற ஃபைல். கையெழுத்துப் போட்ட சான்றிதழ், எத்தனை பிரதியில இது எத்தனையாவது, பாகங்களோட பட்டியல், மாட்டுற வரிசை ஒவ்வொரு படிக்கும் போட்டோவோட. இன்னொன்னு, எதை மாத்தலாம், எதை மாத்தக் கூடாதுன்னு தெளிவா எழுதணும். பல்பு ஃபியூஸ் ஆனா வேற பல்பு போடலாமா, எந்த நிற வெளிச்சம்? இதை எழுதலைன்னா பத்து வருஷம் கழிச்சு எலக்ட்ரீஷியன் முடிவு பண்ணுவார்.

விலைக்கு ஒரு கணக்கு. 4 லட்சத்துக்கு விக்குது, செய்கூலி, பொருள், பெட்டி, லாரி எல்லாம் 1.5 லட்சம். கேலரி பாதி எடுத்தா உங்களுக்கு 2 லட்சம், செலவு போக மிச்சம் 50 ஆயிரம். முதல்ல செலவைக் கழிச்சுட்டு மீதி 2.5 லட்சத்தைப் பிரிச்சா ஆளுக்கு 1.25 லட்சம். காட்சி திறக்குறதுக்கு முன்னாடியே இதை எழுத்துல வாங்கிடுங்க. வாங்கினவர் வீட்டுல வந்து மாட்டிக் குடுக்குற கூலி, பயணம் எல்லாம் தனி.

ஆனா தம்பி, இதைவிட நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்னு இருக்கு. அதை எது தாங்குது? கீழே ஜனங்க நடப்பாங்க. கலயம் 400 கிராம்னா மொத்தம் 80 கிலோ. ஃப்ரேமுக்கு 25 எம்எம்-க்கு 25 எம்எம், 2 எம்எம் கனத்துல ஸ்கொயர் டியூப் மீட்டருக்கு 1.4 கிலோ சொச்சம், குறுக்குச் சட்டத்தோட 25 மீட்டர் வந்தா 36 கிலோ. ஆக 120 கிலோன்னு வைங்க. நாலு கயிறு, ஆளுக்கு 30-ன்னு வகுக்காதீங்க. விறைப்பான ஃப்ரேம்ல ஒரு கயிறு இம்மி நீளம் கூடினாலும் எதிர்மூலை ரெண்டும் மட்டும் பாரம் சுமக்கும். அதனால கயிறுக்கு 60 கிலோ. தலைக்கு மேல தொங்குறதுன்னா அதைப் பத்தால பெருக்குங்க, 600. கிளாம்ப் போட்ட இடத்துல பலம் ஐந்துல ஒரு பங்கு குறையும், அதனால 750 கிலோ தாங்குற ஒயர் ரோப் (இரும்புக் கம்பிக் கயிறு). அதுவும் செங்குத்தா தொங்கணும். பாரம் சுமக்குற அந்த ரெண்டு கயிறும் கிடைமட்டத்துக்கு 30 டிகிரியில சாஞ்சு இழுத்தா ஒவ்வொன்னும் முழு எடையையும், அதாவது 120 கிலோவைச் சுமக்கும்.

கயிறு முனையை மடிச்சுப் பிடிக்க யூ-கிளாம்ப் மூணு. அடிப்பாகம் பாரம் இழுக்குற கயிறு மேல, யூ வளைவு வெட்டுமுனை பக்கம். மாத்திப் போட்டா வளைவு பாரக் கயிறை நசுக்கி இழை இழையா அறுக்கும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கை நம்பவே கூடாது, ஆங்கர் ஃபாஸ்டனர் (துளை போட்டு இறக்குற போல்ட்) கான்கிரீட் ஸ்லாப்லதான் இறங்கணும். இந்த எடைக்கணக்கு முழுக்க ஒரு பக்கமா அந்த ஃபைல்ல இருக்கட்டும். வாங்கினவர் வீட்டு ஸ்லாப் வேற மாதிரி இருக்கும், அங்கே இன்ஜினியர் முதல்ல கேட்கப்போறது அதைத்தான்.